சலூன், சம்பளக் கவர், ஹில்ஸ்பரோ பெண்கள்

வாசகர் கேள்வி: "அமெரிக்காவில் சலூன்களை மூட வைத்தது மதப்பித்துப் பிடித்த சில பெண்கள்தான் என்று படித்தேன். ஓட்டுரிமை கிடைத்ததும் முதல் வேலையாக மதுவைத் தடை செய்தார்களாம், பதின்மூன்று வருடத்தில் அது படுத்துவிட்டதாம். நடந்தது இவ்வளவுதானா?"

பிப்ரவரி 3, 2024

இவ்வளவுதான் இல்லை. பன்னிரண்டு வருடமாக ஒஹாயோ மாநிலம் கொலம்பஸ் நகரில் இருக்கிறேன். இந்தச் சண்டையின் முக்கியமான ஊர்கள் எல்லாம் என் வீட்டிலிருந்து மூன்று மணி நேரக் கார் பயணத்துக்குள் இருக்கின்றன: ஹில்ஸ்பரோ, கிளீவ்லாந்து, ஓபர்லின், வெஸ்டர்வில். பல நாளாக மனதில் கிடப்பதை எழுதிவிடுகிறேன். துண்டு துண்டாகத்தான் வரும்.

முதலில் அந்தச் சொல். நமக்குச் சலூன் என்றால் முடிவெட்டும் கடை. பிரெஞ்சில் வரவேற்பறையைக் குறித்த சொல் ஆங்கிலத்துக்குப் போய், கப்பலில் பயணிகள் கூடும் அறை, ரயிலில் பெரிய மனிதர்களின் பெட்டி, முடிதிருத்தும் கடை என்று பலதுக்கும் பெயரானது. அமெரிக்காவில் அது மதுக்கடை மேல் போய் ஒட்டிக்கொண்டது.

கவ்பாய் படத்தில் வரும் அரைக்கதவும் துப்பாக்கிச் சண்டையும் மனதில் இருந்தால் ஒதுக்கி வையுங்கள். பெரும்பாலான சலூன்கள் சிகாகோ, சின்சினாட்டி, நியூயார்க் மாதிரி ஊர்களில், தொழிற்சாலைத் தெரு முனைகளில் இருந்தவை. நீளமான மரமேடை, கால் வைத்துக்கொள்ளப் பித்தளைக் கம்பி, ஓரத்தில் பித்தளைப் படிக்கம், தரையில் மரத்தூள். பல கடைகளில் உட்கார நாற்காலிகூடக் கிடையாது, நின்றுகொண்டுதான் குடிக்க வேண்டும்.

ஓட்டு விஷயத்தில் கேட்டவர் சொல்வது ஓரளவு சரி என்றே நினைக்கிறேன். பெண்களின் ஓட்டும் மதுவிலக்கும் சேர்ந்தேதான் வந்தன.

பிப்ரவரி 4

நேற்று எழுதிய கடைசி வரி தவறு. தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்க வேண்டும். மதுவிலக்குக்கான அரசியல் சட்டத்தின் 18ஆவது திருத்தம் 1919 ஜனவரி 16 அன்று மாநிலங்களின் ஒப்புதலைப் பெற்றுவிட்டது. பெண்களுக்கு நாடு முழுக்க ஓட்டுரிமை தந்த 19ஆவது திருத்தம் 1920 ஆகஸ்டில்தான் நிறைவேறியது. வயோமிங், கொலராடோ, கலிபோர்னியா மாதிரி சில மாநிலங்களில் பெண்கள் முன்பே ஓட்டுப் போட்டார்கள், உண்மை. ஆனால் மதுவிலக்குக்கு நாடாளுமன்றத்திலும் மாநில அவைகளிலும் கை தூக்கியவர்கள் அநேகமாக எல்லோரும் ஆண்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. பீர் ஆலைக்காரர்கள் பல வருடமாகப் பெண் ஓட்டுரிமைக்கு எதிராகப் பணம் இறைத்தார்கள். 1912இல் இதே ஒஹாயோவில் பெண் ஓட்டுரிமை வாக்கெடுப்பு தோற்றதில் அவர்கள் பங்கு பெரிது. பெண்கள் கைக்கு ஓட்டு போனால் கடை போய்விடும் என்று ஆலைக்காரர்கள் பயந்தார்கள். அந்தப் பயம்தான் பின்னால் "பெண்கள் ஓட்டுப் போட்டு மூடினார்கள்" என்ற கதையாகத் திரிந்துவிட்டது என்று எனக்குத் தோன்றுகிறது.

பிப்ரவரி 6

"சலூனில் அப்படி என்னதான் இருந்தது?" என்று கேட்டிருக்கிறார்கள். எல்லாமே இருந்தது. பதில் இதுதான்.

5 சென்டுக்கு ஒரு பீர் வாங்கினால் மேடையின் ஓரத்தில் வைத்திருக்கும் சாப்பாடு இலவசம். கம்பு மாதிரிக் கறுத்த ரை ரொட்டி, பன்றிக்கறி, சீஸ், ஊறுகாய், உப்புமீன். உப்பு தூக்கலாகத்தான் இருக்கும், காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பத்து மணி நேரம் உலைக்களத்தில் நின்றுவிட்டு வருகிறவனுக்கு 5 சென்டில் வயிறு நிறைய வேறு இடம் இல்லை.

அப்புறம் சம்பளக் காசோலை. போலந்திலிருந்தோ போஹீமியாவிலிருந்தோ வந்தவனுக்கு வங்கியில் மதிப்பில்லை, மொழியும் தெரியாது. சலூன்காரர் காசோலையை வாங்கிக்கொண்டு பணம் தருவார். ஊரிலிருந்து வரும் கடிதம் சலூன் முகவரிக்கு வரும். வேலை காலி இருக்கும் செய்தி அங்கே கிடைக்கும். தொழிற்சங்கக் கூட்டம் பின்னறையில் நடக்கும், வேறு மண்டபத்துக்குக் காசு ஏது? பொதுக் கழிப்பறை என்று எதுவும் இல்லாத நகரங்களில் அதுவும் சலூன்தான். ஒரே அறையில் ஆறு பேர் படுக்கும் வீட்டில் இருப்பவனுக்கு அடுப்புக் கணப்பும் விளக்கும் உள்ள கூடம் அது ஒன்றே.

தூக்குவாளியைப் பற்றியும் சொல்ல வேண்டும். வீட்டுக்குப் பீர் வாங்கி வரப் பிள்ளைகளைத் தகர வாளியோடு அனுப்புவார்கள். அந்த வாளியின் உள்பக்கம் பன்றிக் கொழுப்பைத் தடவி அனுப்புவதுண்டு. கொழுப்பு பட்டால் நுரை எழும்பாது, வாளியில் நுரைக்குப் பதில் பீர் கூடுதலாக நிற்கும். ஏழு எட்டு வயதுப் பிள்ளை விரலில் கொழுப்பை எடுத்து வாளிக்குள் தடவிவிட்டுப் புறப்படுவதை யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

பிப்ரவரி 10

மேலே எழுதியதைப் படித்துவிட்டு, "அப்படியானால் சலூன் நல்ல இடம்தானே, பெண்கள் ஏன் மூடினார்கள்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். காசோலையை மாற்றித் தருவார் என்று எழுதினேன் அல்லவா? அதை மறுபடி படியுங்கள். சலூன்காரர் சும்மா மாற்றித் தரமாட்டார். அங்கேயே ஒரு கோப்பை வாங்குவதுதான் மரியாதை. கூட நிற்பவர்களுக்கும் வாங்கித் தர வேண்டும், அவர்கள் திருப்பி வாங்கித் தருவார்கள். இந்த மாறி மாறி வாங்கித்தரும் வழக்கம்தான் சம்பளத்தைக் கரைத்தது.

என் சொந்தக் கதையைச் சொல்கிறேன். 1984, எனக்கு ஒன்பது வயது. அப்பாவுக்கு நூல் மில்லில் வேலை. மாதம் ஏழாம் தேதி சம்பளம். அன்றைக்கு மட்டும் அம்மா மாலை ஷிப்ட் விடும் நேரத்துக்கு என்னையும் தங்கையையும் கூட்டிக்கொண்டு மில் வாசலுக்குப் போவாள். வாசலுக்கு எதிரே சாராயக்கடை. சங்கு ஊதியதும் ஆட்கள் வெளியே வருவார்கள். வாசலில் எங்கள் மாதிரி இருபது முப்பது பெண்கள் நிற்பார்கள். யாரும் சத்தம் போடமாட்டார்கள். கவரை வாங்குவதற்கு அப்பாவுக்கும் கடைக்கும் நடுவே இருந்த அந்த ஐம்பதடி தூரம்தான் அம்மாவுக்குக் கிடைத்த இடம். சில மாதம் கிடைத்தது. சில மாதம் அப்பா பின்வாசல் வழியாகப் போய்விட்டார்.

அந்தப் பெண்களை மதப்பித்து என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு அந்த வாசல்தான் நினைவுக்கு வருகிறது. அமெரிக்காவில் அன்றைக்கு நிலைமை இன்னும் மோசம். 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில், பல மாநிலங்களில், கல்யாணமான பெண் தானே உழைத்துச் சம்பாதித்த கூலிகூடச் சட்டப்படி கணவனுடையது. விவாகரத்து லேசில் கிடைக்காது, ஓட்டும் இல்லை.

ஒஹாயோவில் ஒரு வழி இருந்தது. அடேர் சட்டம் என்பார்கள், 1854இல் வந்தது, 1870இல் திருத்தப்பட்டது. கணவனுக்குக் குடிக்கக் கொடுத்துக் குடும்பத்தை நாசம் செய்த சலூன்காரர் மேல் மனைவி நஷ்டஈட்டு வழக்குப் போடலாம். ஸ்பிரிங்பீல்டில் எலைசா ஸ்டூவர்ட் என்ற அம்மையார், எல்லோரும் மதர் ஸ்டூவர்ட் என்று கூப்பிடுவார்கள், 1872இல் அப்படி ஒரு வழக்கில் வக்கீல் பட்டம் எதுவும் இல்லாமலே நடுவர்கள் முன் எழுந்து ஒரு குடிகாரரின் மனைவிக்காகப் பேசினார். தீர்ப்பு அந்த மனைவி பக்கம் வந்தது. இந்த இயக்கத்தின் தொடக்கம் என்று கேட்டால் நான் அந்த நீதிமன்ற அறையைத்தான் காட்டுவேன்.

பிப்ரவரி 11

தொடக்கம் என்று நேற்று எழுதியது அளவுக்கு மீறிவிட்டது. இயக்கம் அதற்கு மிக முன்பே இருந்தது. 1784இலேயே மருத்துவர் பெஞ்சமின் ரஷ் சாராயத்தின் கேடுகளைப் பற்றி எழுதினார். 1826இல் பாஸ்டனில் சங்கம் தொடங்கினார்கள். தேவையும் இருந்தது. 1830 வாக்கில் பதினைந்து வயதுக்கு மேற்பட்ட ஒருவர் சராசரியாக வருடத்துக்கு 7 கேலன் சுத்த ஆல்கஹால் குடித்தார், இன்றைய அளவைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. அப்பலாச்சியன் மலைக்கு அந்தப்பக்கம் விளைந்த மக்காச்சோளத்தை மூட்டையாகக் கொண்டுவருவதைவிட விஸ்கியாகக் காய்ச்சிப் பீப்பாயில் கொண்டுவருவது லாபம், அதனால் விஸ்கி மலிந்து கிடந்தது.

ஒரு விஷயம் தமிழில் தெளிவாக வருவதில்லை. முதல் தலைமுறை கேட்டது மிதம். காய்ச்சி வடித்ததை விடு, பீரும் ஒயினும் அளவாக இருக்கட்டும் என்றார்கள். அடுத்த தலைமுறை எதையுமே தொடாதே என்றது. அதற்கடுத்து வந்தவர்கள் சட்டத்தால் தடை செய் என்றார்கள், மெய்ன் மாநிலம் 1851இல் செய்தும் காட்டியது. நாம் மூன்றையும் மதுவிலக்கு என்ற ஒரே சொல்லில் அடைத்துவிடுகிறோம். மூன்றும் வேறு வேறு ஆட்கள், வேறு வேறு மனநிலை.

பிப்ரவரி 17

இன்றைக்கு ஹில்ஸ்பரோ. நீளமாக எழுதப் போகிறேன், ஏனென்றால் என்னை இந்த விஷயத்துக்குள் இழுத்ததே அந்த ஊர்தான்.

1873 டிசம்பர் 23 இரவு, டயோ லூயிஸ் என்ற சொற்பொழிவாளர் அந்தச் சின்ன ஊரில் பேசினார். தன் தாய் தன் சிறுவயதில் சலூன்காரரிடம் போய்க் கெஞ்சிக் கடையை மூட வைத்த கதையைச் சொல்லி, நீங்களும் செய்யலாமே என்றார். மறுநாள் காலை பிரஸ்பிடேரியன் தேவாலயத்தில் பெண்கள் கூடினார்கள். தலைமைக்கு எலைசா தாம்சனைத் தேர்ந்தெடுத்தார்கள். வயது 57. முன்னாள் ஆளுநரின் மகள், நீதிபதியின் மனைவி. அதுவரை பொதுமேடை ஏறியவர் இல்லை. கணவர் இதைக் கோமாளித்தனம் என்றார். ஆண்கள் இத்தனை காலமாகச் செய்துவந்த கோமாளித்தனத்துக்கு இது ஒன்றும் குறைவில்லை என்ற பொருளில் அவர் பதில் சொன்னதாகக் குடும்பத்தில் சொல்லிவந்தார்கள்.

எழுபதுக்கு மேற்பட்ட பெண்கள் இரண்டிரண்டு பேராக வரிசை கட்டிப் பனியில் நடந்தார்கள். முதலில் மருந்துக்கடைகள், அங்கேயும் அப்போது சாராயம் விற்றார்கள். அப்புறம் சலூன்கள். உள்ளே போய் விற்பதை நிறுத்தும்படி கேட்பது, மாட்டேன் என்றால் அங்கேயே மரத்தூளில் முழந்தாளிட்டு ஜெபம், பாட்டு. கதவைச் சாத்தினால் வெளியே பனியில் முழந்தாள். நாள்கணக்கில், வாரக்கணக்கில் நடந்தது. ஒரு மருந்துக்கடைக்காரர் இறங்கி வரவே இல்லை. அவர் கடைக்கு எதிரே தெருவில் கித்தான் கூடாரம் போட்டு உட்கார்ந்தார்கள், அவர் நீதிமன்றத்துக்குப் போய்த் தடை உத்தரவு வாங்கினார்.

பக்கத்து ஊரான வாஷிங்டன் கோர்ட் ஹவுஸில் சில நாளில் கடைகள் மூடப்பட்டன. கடைக்காரர்களே பீப்பாய்களை உருட்டி வந்து தெருவில் கொட்டினார்கள். குளிர்காலம் முடிவதற்குள் நூற்றுக்கணக்கான ஊர்களுக்குப் பரவியது. சின்சினாட்டியில் நடைபாதையை மறித்தார்கள் என்று பெண்களைக் கைது செய்தார்கள்.

மூடிய கடைகளில் பெரும்பாலானவை கொஞ்ச காலத்தில் திறந்துவிட்டன. அதை வைத்துத் தோல்வி என்று எழுதுகிறவர்கள் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. 1874 நவம்பரில் கிளீவ்லாந்தில் இந்தப் பெண்கள் கூடிக் கிறித்தவப் பெண்கள் மதுவிலக்குச் சங்கத்தைத் தொடங்கினார்கள். 1879 முதல் 1898இல் இறக்கும்வரை பிரான்சிஸ் வில்லர்ட் அதன் தலைவர். வில்லர்ட் குடியோடு நிற்கவில்லை. எட்டு மணி நேர வேலை, மழலையர் பள்ளி, பெண்களுக்கு ஓட்டு என்று எல்லாவற்றையும் உள்ளே கொண்டுவந்தார். தெருக்களில் குடிநீர்க் குழாய்கள் வைத்தார்கள், தாகத்துக்குச் சலூன்தான் வழி என்று ஆகாமலிருக்க. வீட்டை விட்டு வெளியே வந்து தலைமை தாங்கிப் பேச ஒரு தலைமுறைப் பெண்களுக்குப் பழக்கியது அந்தச் சங்கம்.

பிப்ரவரி 18

கோடாலி எடுத்து உடைத்த அம்மாவைப் பற்றி ஏன் எழுதவில்லை என்கிறார்கள். கேரி நேஷன். அவரது முதல் கணவர் மருத்துவர், குடித்தே இறந்தார். 1900 ஜூனில் கான்சாஸின் கயோவா என்ற ஊரில் கல்லைக் கொண்டு உடைக்கத் தொடங்கினார், கோடாலி அப்புறம் வந்தது. முப்பது முறைக்கு மேல் கைதானார். சட்டையில் குத்திக்கொள்ளும் சின்னக் கோடாலி வடிவ ஊசிகளை விற்று அபராதம் கட்டினார்.

பலரும் விட்டுவிடும் விவரம் ஒன்று உண்டு. கான்சாஸில் மதுவிலக்கு 1881 முதல் அமலில் இருந்தது. அங்கே அவர் உடைத்தவை எல்லாம் சட்டவிரோதக் கடைகள், போலீஸும் அதிகாரிகளும் பார்த்தும் பார்க்காமல் விட்டவை. "இருக்கவே கூடாத கடையை உடைத்தது எப்படிக் குற்றம்?" என்பது அவர் வாதம். எனக்கு அதில் பதில் தெரியவில்லை. ஆனாலும் அவரை இந்த இயக்கத்தின் முகமாகக் காட்டுவது ஹில்ஸ்பரோ பெண்களுக்குச் செய்யும் அநியாயம்.

பிப்ரவரி 24

சலூன்காரர் என்று நான் எழுதிக்கொண்டே வருகிறேன். அவர் யார் என்று சொல்லவில்லை. பெரும்பாலும் அவரும் ஒரு ஏழை. நேற்றுவரை தொழிலாளி, இடுப்பு போய்விட்டதும் கடை வைத்தவர். கடையின் உண்மையான சொந்தக்காரர் பீர் ஆலை.

இது நடந்த விதம்தான் வேதனை. மதுவைக் கட்டுப்படுத்துகிறோம் என்று உரிமக் கட்டணத்தை ஏற்றினார்கள். சிகாகோவில் 1880களில் அது 500 டாலர், 1906இல் 1000 டாலர். ஒற்றை ஆள் எங்கே போவார்? ஆலை முன்வந்து கட்டணத்தைக் கட்டியது, மேடை, கண்ணாடி, பெயர்ப்பலகை எல்லாம் போட்டுத் தந்தது. பதிலுக்கு அந்த ஆலையின் பீரை மட்டுமே விற்க வேண்டும், கடனை ஒவ்வொரு பீப்பாயிலும் கழிக்க வேண்டும். போட்டி ஆலை எதிர்த்த முனையில் இன்னொரு கடையைத் திறக்கும். ஒரு முனைக்கு நான்கு கடை வந்தால் ஒருவருக்கும் பிழைப்பு ஓடாது. ஞாயிற்றுக்கிழமை திறக்கிறார், பையன்களுக்கு விற்கிறார், பின்னறையில் சூதாட்டம், மேல்மாடியில் விபசாரம், இதற்கெல்லாம் போலீஸுக்கு மாமூல், வார்டு அரசியல்வாதிக்கு ஓட்டு. கடையைக் கட்டுப்படுத்த வந்த கட்டணமே அதைக் கெடுத்தது.

1933 டிசம்பர் 5இல் மதுவிலக்கு முடிந்த பிறகு செய்ததைப் பாருங்கள். ஆலை, மொத்த வியாபாரி, சில்லறைக் கடை மூன்றும் வேறு வேறு கையில் இருக்க வேண்டும் என்று மாநிலங்கள் சட்டம் போட்டன. ஆலையின் கைக்கடையாக இருக்கும் சலூன் அதோடு போயிற்று. இதை 1880களிலேயே செய்திருக்கலாம். செய்திருந்தால் நாடு முழுவதற்குமான தடை வந்தே இருக்காது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மார்ச் 2

மகளைக் கூட்டிக்கொண்டு வெஸ்டர்வில் நூலகத்துக்குப் போய்வந்தேன். மதுவிலக்குச் சட்டத்துக்காகப் போராடிய சலூன் எதிர்ப்பு லீக் என்ற அமைப்பின் ஆவணங்கள் அங்கேதான் இருக்கின்றன. லீக் 1893இல் ஓபர்லினில் பிறந்து, 1909இல் தலைமையகத்தை வெஸ்டர்விலுக்குக் கொண்டுவந்தது. 1875இல் ஒருவர் அங்கே சலூன் திறந்தபோது வெடிமருந்து வைத்துக் கட்டடத்தையே தகர்த்த ஊர் அது. 1879இல் மறுபடி திறந்தார், மறுபடி தகர்த்தார்கள். லீக்கின் அச்சகம் மாதம் 40 டன்னுக்கு மேல் துண்டறிக்கைகளும் பத்திரிகைகளும் அனுப்பியது. அந்தச் சின்ன ஊர்த் தபால் நிலையம் முதல் தரத் தகுதி பெற்றதே அதனால்தான். 2006இல்தான் அந்த ஊரில் மறுபடி சட்டப்படி பீர் விற்றார்கள், ஒரு பீட்சா கடையில்.

வேய்ன் வீலர் என்ற வக்கீல் லீக்கை நடத்திய முறை வேறு. ஜெபம் இல்லை, கணக்கு. எந்தக் கட்சி என்று பார்க்காமல், மதுவிலக்குக்குக் கை தூக்குவாரா என்பதை மட்டும் பார்த்து ஆளைத் தேர்ந்தெடுப்பது, மற்றவரைத் தோற்கடிப்பது.

சுவரொட்டிகளைப் பார்த்துக்கொண்டே வந்தபோது எனக்குச் சங்கடமாகிவிட்டது. பிப்ரவரி 10 குறிப்பில் இதை முழுக்க மில் வாசல் கதையாக எழுதிவிட்டேன். இதற்குள் இன்னொன்றும் ஓடியிருக்கிறது: வெளியூரிலிருந்து வந்தவன் மேல் வெறுப்பு. சலூன் என்றால் ஐரிஷ்காரன், ஜெர்மன்காரன், கத்தோலிக்கன். தெற்கே அது கறுப்பின மக்கள் மேல் திரும்பியது. 1906இல் அட்லாண்டாவில் வெள்ளையர் கும்பல் கறுப்பினத்தவரைக் கொன்று குவித்தது, பழியைக் கறுப்பினத்தவர் போகும் சலூன்கள் மேல் போட்டார்கள், மறுவருடம் ஜார்ஜியா மதுவிலக்குச் சட்டம் போட்டது. முதல் உலகப்போர் வந்ததும் பீர் ஆலை முதலாளிகளின் ஜெர்மன் பெயர்களே போதுமானதாக இருந்தன. எங்கள் கொலம்பஸில் ஜெர்மன் வில்லேஜ் பகுதியின் ஷில்லர் பூங்காவுக்கு வாஷிங்டன் என்று பெயர் மாற்றினார்கள், 1930இல்தான் பழைய பெயர் திரும்பியது. வாரம் ஒரு முறை அந்தப் பூங்காவில்தான் நடக்கிறேன். நானும் இங்கே வெளியூரிலிருந்து வந்தவன். ஹில்ஸ்பரோ பெண்கள் பக்கம்தான் இன்னும் நிற்கிறேன், ஆனால் அவர்கள் தொடங்கியதை யார் யார் கையில் எடுத்தார்கள் என்பதைச் சொல்லாமல் விட முடியாது.

மார்ச் 3

வரி பற்றிக் கேட்டவருக்கு: 1862இல் உள்நாட்டுப் போருக்காக மதுவுக்கு வரி போட்டார்கள், அரசு அதிலேயே சாய்ந்துகொண்டது. 1913இல் வருமான வரி வந்த பிறகுதான் மது வருமானம் இல்லாமல் அரசு நடக்கும் என்று சொல்ல முடிந்தது. நம் பக்கமும் அதே கணக்குதான். ராஜாஜி 1937இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார், போன வருமானத்துக்கு ஈடாக 1939இல் விற்பனை வரி வந்தது. மதுவிலக்கு போன பிறகும் அந்த வரி போகவில்லை.

மார்ச் 9

1901இல் ஐம்பதின்மர் குழு என்ற அறிஞர் குழு சலூனுக்கு மாற்றாக என்ன தரலாம் என்று ஆராய்ந்து ஒரு நூலே வெளியிட்டது. காபிக் கடை, படிப்பகம், விளையாட்டுக் கூடம், பொதுக் கழிப்பறை. அதை நேற்று அம்மாவிடம் போனில் சொன்னேன். அம்மாவுக்கு இப்போது எழுபத்தாறு.

"நம்ம லைன் வீட்ல ஒரே ஒரு பல்பு. அங்க பெட்ரோமாக்ஸ் வெளிச்சம், பேச நாலு பேரு. உங்கப்பா பாதி அதுக்குத்தான் போனாரு. எனக்கு அப்பவே தெரியும்" என்றாள். இத்தனை வருடத்தில் அப்பாவைப் பற்றி அவள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அப்புறம் ஹில்ஸ்பரோ கதையைச் சொன்னேன். பனியில் முழந்தாளிட்டதை இரண்டு முறை கேட்டாள். தாம்சன் அம்மாவின் மூத்த மகனும் குடிக்கு அடிமை என்றதும், "அந்தப் பையன் பொழச்சானா?" என்றாள்.

"இல்லம்மா, அதுக்கு முன்னாடியே போயிட்டான்."

"அதான் தெருவுல இறங்கியிருக்கா" என்றாள்.